எடைப்பாலம்

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு,
தமிழ்ப்பள்ளித் திடலில்
பழைய மாணவிகளின் வலைப்பந்து.
எகிறிப் பிடித்துத் தரையிறங்கினேன்.
கால் நின்றுவிட்டது, நான் திரும்பினேன்.
முட்டிக்குள் முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம்.
பந்தை மட்டும் விடவில்லையாம் நான்,
லோகநாயகி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

தெலுக் இந்தான் மருத்துவமனையில்
டாக்டர் காலைப் பிடித்து முன்னால் இழுத்தார்.
மேசை இழுப்பறைபோல வந்தது.
குறுக்கே போகும் ஜவ்வு பாதிக்குமேல் கிழிசல்,
உள்பக்கத்து ஜவ்வு கொஞ்சம்.
"தைக்க வேண்டாமா?"
"என்ன வேலை பார்க்கிறீர்கள்?"
"செம்பனை ஆலையில், எடைப்பாலத்துக் கிராணி."
"அப்படியானால் முதலில் தொடையைக் கேட்டுப் பார்ப்போம்,
கத்தியை அப்புறம் கேட்கலாம்."

கேட்டேன். தொடை பேசவில்லை.
மூன்றே வாரத்தில் யாரோ ஒரு நோஞ்சானின் கால்
என் இடுப்பில் மாட்டியிருந்தது.
துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வை,
அமுக்கு, ஐந்து எண்ணு, விடு.
அமுக்கினால் புருவம்தான் சுருங்கியது.
சதை, சம்பளம் வராத ஆள் மாதிரி
படுத்தே கிடந்தது.

ஊத்தான் மெலிந்தாங் சும்மா இருக்குமா?
ஆட்டுக்கால் சூப்பு ஒரு குண்டான் வந்தது.
ஆற்றங்கரையில் நீவிவிடும் மலாய்க்கார அம்மாவின் விலாசம்,
கறுப்புப் பிளாஸ்திரி ஒட்டும் சீன வைத்தியரின் நம்பர்.
'வெட்டித் தைக்காத ஜவ்வு ஒட்டவே ஒட்டாது'
என்று இரவுச் சந்தையில் நிறுத்திச் சொன்னவருக்கு
இரண்டு முட்டியும் நன்றாகவே இருந்தன.
சூப்பை மட்டும் குடித்தேன்.

பால்மரம் ஒன்றுகூட மிச்சமில்லாத ஊரில்
என் காலுக்கு ரப்பர் பட்டை வைத்தியம்.
வாங்கிய பட்டை அறுந்த அன்று
மோட்டார் கடை ஆ ஹெங்
பழைய டியூப்பை நீளமாக வெட்டித் தந்தார், காசு வாங்கவில்லை.
கட்டிலில் கட்டி இழுத்தேன்,
கட்டில்தான் நகர்ந்தது.
யுவனேசன் அதன்மேல் ஏறி உட்கார்ந்து
பாரமும் கொடுத்தான், எண்ணியும் கொடுத்தான்.
பன்னிரண்டுக்குப் பிறகு மறுபடியும் பதினொன்று.
ஏய்க்கிறாயாடா?
"நேத்து நீங்க ஏழுக்கு அப்புறம் பத்து சொன்னீங்களேம்மா."

அப்புறம் படி.
எடைக்கொட்டகைக்கு ஏழு படி.
ஏறும்போது வலி, அவ்வளவுதான்.
இறங்கும்போது அந்த அரை நொடி,
முட்டி என்னைக் கேட்காமலே
எங்கேயோ கிளம்பப் பார்க்கும் அரை நொடி.
வலிக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள்,
அதற்குக் கொடுக்கவில்லை.
கைப்பிடிக் கம்பியில்
நான் பிடிக்கும் இடத்தில் மட்டும் பச்சைச் சாயம் போயே போய்விட்டது.

ஆறாம் மாதம் ஒரு மாலை,
லோரி எதுவும் வராத இடைவெளியில்
பாலத்தின் நடுவில் போய் நின்றேன்.
நசுங்கிய பழத்தின் எண்ணெய் செருப்பில் வழுக்கியது.
வெளிப்பலகையில் சிவப்பாக 60.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்,
என் தீபாவளி முறுக்கெல்லாம் அதன் கணக்கில் வராது.
வலது காலைத் தூக்கினேன்.
60.
பின்னே, மீதி எங்கே போகும்?
பத்து வருஷமாக எடை போடுகிறவளுக்கு
இது தெரியாதா?
தெரியும். ஆனாலும்
முழு அறுபதும்
அந்தக் கிழிசல் மேல் நிற்பதை
எண்ணில் பார்த்தபோது
மூச்சு விட மறந்துவிட்டேன்.
பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது,

ஹாரன்.
வாசலில் பஹாரோமின் லோரி, குலை குவிந்து.
"காக், எத்தனை டன்?" என்று கத்தினான்.
இறங்கி வழிவிட்டேன்,
ஏழு படி ஏறி
அவனுக்குச் சீட்டு அடித்துக் கொடுத்தேன்.

இரவு முட்டி லேசாக வீங்கியது.
உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை அதன்மேல் வைத்துப் படுத்தேன்.
"இன்னிக்கு எத்தனைம்மா?"
"பத்தொன்பது."
"முப்பதுதானே சொன்னாங்க?"
"பஹாரோம் வந்துட்டான்."
யுவனேசன் நோட்டை எடுத்து
மீதி 11 என்று எழுதி
நாளைய தேதி போட்டான்.